அரை டேங்குக்குக் கீழே

டீசல் வெளியே ஒழுகினால் தரையில் கறை தெரியும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை வருகிற குழாய் மட்டும் அப்படியில்லை. பம்ப் அதன் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. அங்கே விரிசல் விட்டால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். 'ஏர் எடுக்குது' என்பார்கள் பட்டறையில். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை எடுத்தால் மறுபடி ஓடும். எங்கள் பழைய லாரி நான்கு மாதம் இப்படித்தான் ஓடியது.

சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பது அதிசயமில்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகும் ஒருத்தி அதை விற்காமல் வைத்திருப்பதுதான் அதிசயம். "வித்துப்போட்டுத் தவணையக் கட்டிட்டு நிம்மதியா இருங்க" என்று புத்தி சொன்னவர்களில் பாதிப் பேர் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். வண்டி ஒவ்வொரு முறை நின்றபோதும் அவர்கள் சொன்ன விலை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பட்டறைக்குப் போனால் முதல் கேள்வி, "ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" நான் கேட்பேன், பதில் டிரைவர் தம்பிக்குப் போகும். இரண்டு ஃபில்டரும் மாற்றினார்கள். ஃபீட் பம்புக்கு வாஷர் போட்டார்கள். நோசில்களைச் சர்வீஸ் செய்தார்கள். கடைசியில் பெரிய பம்பையே கழற்றி அனுப்பினார்கள். மொத்தம் 38,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஒருநாள் நன்றாக ஓடியது, அப்புறம் நின்றது. எல்லாம் மாற்றியாகிவிட்டதால் மிச்சமிருந்தது மனுசன்தான். டிரைவர் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. ஒன்பது வருசமாக இந்த வண்டியில் இருப்பவர் அவர். "நின்னுக்கட்டுமாக்கா?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார்.

லாரிக் கணக்கைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் எழுதுகிறேன். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பங்க், பணம். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவதால் அதை யாரும் லாரி வேலை என்று சொன்னதில்லை. அந்த நோட்டை எடுத்து, வண்டி நின்ற ஏழு தடவையையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். தொப்பூர் ஏற்றத்தில் இரண்டு முறை நின்றிருந்ததால், ஏற்றம் ஆகவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மற்ற ஐந்தும் சமதரை. டேங்க் நிரப்பிய பிறகு ஓடிய தூரத்தைக் கழித்துப் பார்த்தால் ஏழும் 400 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தன. லிட்டருக்கு 4 கிலோமீட்டர், 200 லிட்டர் டேங்க். அரை டேங்குக்குக் கீழே இறங்கினால்தான் வண்டி நிற்கிறது. பட்டறையிலிருந்து வெளியே வந்ததும் தம்பி டேங்கை நிரப்புவார். அதனால்தான் எந்த வேலை செய்தாலும் சரியானது போலத் தெரிந்தது. மைலேஜ் ஒரு மாதமும் குறையவில்லை. டீசல் எங்கும் களவு போகவில்லை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஊசியைத்தான் ரசிக்கிறார்கள். நின்றுபோன எஞ்சினில் கோளாறு குழாயில்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

பட்டறையில் நோட்டைக் காட்டினேன். "டேங்க் அடியில குப்பை இருக்கும்" என்றார் மெக்கானிக், தம்பியைப் பார்த்து. குப்பை அடியில் கிடக்கும். பாதி டேங்கில் எதற்கு வண்டி நிற்க வேண்டும்? இரண்டே காரியம் செய்யச் சொன்னேன். முதலில், டேங்கை விட்டுவிட்டு, தரையில் வைத்த கேனிலிருந்து புது ஹோஸ் வழியாக ஃபீட் பம்புக்கு டீசல் கொடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் எஞ்சினை முறுக்கியும் ஒரு இருமல் இல்லை. அப்புறம் பழையபடி டேங்கிலேயே மாட்டி, பம்புக்கு முன்னால் ஒரு சாண் உள்ளே தெரிகிற ஹோஸைச் சேர்த்தோம். டேங்கில் டீசல் பாதிக்கும் கீழே. ஹோஸுக்குள் சரம் சரமாகக் குமிழி ஓடியது. பட்டறைப் பையன்கள் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

டேங்குக்குள் இறங்கும் குழாயை உருவி, ஒரு முனையை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி மறுமுனையில் ஊதினோம். நட்டநடுவில் குமிழி. மயிரிழை விரிசல். டீசல் அதற்கு மேலே நின்றால் விரிசலும் டீசலைத்தான் உறிஞ்சும். கீழே இறங்கிவிட்டால் காற்று.

குழாய்க்குப் பற்றுவைத்து வாஷர் போட 450 ரூபாய். மெக்கானிக் பில்லில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினார். ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருப்பது அவருக்குத் தெரியும். அடிக்காமல் புதுசாகவே ஒன்று போடச் சொன்னேன். போட்டார். தம்பி அன்றைக்கு டேங்கை நிரப்பாமலே லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர்ப் பக்கம் கிளம்பினார்.