பெட்டியில் வந்த மோட்டார் சைக்கிள்

மாரி முற்றித் தாம்போதியில் வெள்ளம் ஏறிவிட்டால் கடற்கரைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். மாவடிப்பள்ளியில் நின்று பார்த்தால் காரைதீவின் தென்னைகள் தெரியும். போய்ச் சேரத்தான் முடியாது. அந்த நாட்களில் எங்களுக்கு வாய்த்த ஒரே வாகனம் உழவு மெஷின் பெட்டி. மனிதர் ஏறுவர், ஆடு ஏறும், அரிசி மூடை ஏறும், மோட்டார் சைக்கிளும் ஏறும். ஐந்தாறு சைக்கிள்களை ஒன்றின் தோளில் மற்றது சாய, கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அக்கரையில் இறக்கியதும் ஒரு கூட்டு முயற்சி நடக்கும். எல்லோரும் உதைப்பார்கள். ஒன்றுகூட ஸ்டார்ட் ஆகாது.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத நாளிலும் இந்த நோய் வந்திருக்கிறது. ஆகவே காரணம் வேறு.

என்னிடம் இருப்பது ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்யப்பட்ட சைக்கிள். 1958இல் வெளிவந்த சூப்பர் கப்பின் தம்பி. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தவை இங்கே கப்பலில் வந்து, ஆசிரியரையும் மீன் வியாபாரியையும் சுமக்கத் தொடங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், 2025இல் மீண்டும் திறக்கும்வரை, இருந்ததைத் திருத்தி ஓடுவதுதான் எல்லோருக்கும் விதி. புதிய சைக்கிள்களில் பெட்ரோலை அளந்து பீச்சுவதற்கு மின்கருவி உண்டு. எங்களுடையவற்றில் காபரேட்டர். கெட்டுப்போனால் கழற்றிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய நற்குணம்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு மாரியில் உம்மாவின் இன்சுலின் குப்பி முடிந்துவிட்டது. முந்திய இரவே கடைசி ஊசியும் போட்டாயிற்று. கல்முனைக்குப் போயே ஆக வேண்டும். காலையில் பெட்டி ஏறி அக்கரை சேர்ந்தோம். வழமையான காட்சி. என் பக்கத்தில் நின்ற இளைஞன் சோக்கை இழுத்துவிட்டு இருபது தடவை உதைத்திருப்பான். பெட்ரோல் மணம் மூக்கைத் துளைத்தது. வீதியோரத்தில் குந்தியிருந்த ஒரு முதியவர் எழுந்து வந்தார். காரைதீவுக்காரர், முன்னர் கராஜ் வைத்திருந்தவராம்.

"தம்பி, உதைக்காதீங்க. அதுக்குத் தாகமில்ல. குடிச்சு வயிறு முட்டிக் கிடக்கு."

என்னைப் பார்த்து, "சேர், பிளக் சாவி இருக்கா?" என்றார். ஆசனத்தின் கீழ் இருந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "பாத்தீங்களா? இது நனைஞ்சிருந்தா ஒரு வைத்தியம், காஞ்சிருந்தா வேற வைத்தியம். இதப் பாக்காம உதைக்கிறது நாடி பிடிக்காம மருந்து குடுக்கிற மாதிரி."

சோக்கைத் திறந்துவிட்டு, எக்ஸிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்தபடி, பிளக் இல்லாமலேயே பத்துப் பதினைந்து தடவை உதைக்கச் சொன்னார். பிளக் துவாரத்தால் பெட்ரோல் புகையாகப் பீச்சியது. அருகில் பீடியோடு நின்றவரை அதட்டித் துரத்தினார். பிளக்கைத் துடைத்து, வெயிலில்லாத அந்தக் காலையில் தன் சாரத்துக்குள் பொத்தி உலர்த்தி மாட்டினார். மூன்றாவது உதையில் உயிர் வந்தது. காசு நீட்டினேன்; வாங்கவில்லை. "அம்மாக்கு மருந்து வாங்கப் போறீங்க, போங்க சேர்" என்றார். அன்று பன்னிரண்டு மணிக்கு முன் இன்சுலின் வீடு வந்தது.

அவர் சொன்னதன் உட்பொருளைப் பிறகு சாவகாசமாகப் பார்த்தேன். காபரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம். அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். நமது மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதும் இதே யுக்திதான். பெட்டி குலுங்கும்போது மிதவை துள்ளும், ஊசி விலகும், கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். என்ஜின் ஓடவில்லை, ஆகவே இறங்கியதை எரிக்க யாருமில்லை. சைக்கிள் சாய்ந்திருந்தாலோ மிதவைக்கு மேல் கீழ் தெரியாது. வழி திறந்தபடியே கிடக்கும். மிஞ்சியது வெளியே வழியும், அல்லது என்ஜினுக்குள் போகும். உள்ளே போனது என்ஜின் ஒயிலோடு கலந்தால் ஒயில் தண்ணீராகிவிடும். ஒயில் கோலை இழுத்து மணந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் மணந்தால் ஒயிலை மாற்றாமல் ஓடக்கூடாது.

பிளக் காய்ந்திருந்தால் கதை மாறும். டேங்க்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த துரு, குலுக்கலில் எழும்பி வந்து சின்ன ஜெட்டை அடைத்திருக்கும். அதன் துவாரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. இந்த நோய் உள்ள சைக்கிள் சோக் இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில், கிழமைக்கு நான்கு லீற்றர் என்று கியூ.ஆர். கோட்டில் வாங்கி, போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த காலத்துக்குப் பிறகு இதை நிறையக் கண்டேன். பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். ஊசியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். கரண்ட் வயரின் செப்பு நூல் ஒன்றைப் பிரித்து மெதுவாக விட்டெடுக்க வேண்டும்.

கிண்ணத்தின் அடியில் உள்ள ஆணியைத் தளர்த்திக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் மூன்றாவது நோயும் தெரியும். தண்ணீர் இருந்தால் முத்து முத்தாக அடியில் போய் நிற்கும்.

டுபாயில் வேலை பார்த்து வந்த என் மச்சானிடம் இதைச் சொன்னேன். பாலைவனத்தில் உல்லாசப் பயணிகள் ஓட்டும் நான்கு சில்லு வண்டிகளை ட்ரெய்லரில் ஏற்றிச் செல்வது அவன் வேலை. "அதுக்கும் இதே கதைதான் மச்சான்" என்றான். அங்கே ஏற்றுமுன் பெட்ரோல் டெப்பைப் பூட்டி, என்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிடுவார்களாம். கிண்ணம் காலியானால் குலுங்கினால் என்ன, சாய்ந்தால் என்ன! இரண்டு நிமிட வேலை. எங்கள் பெட்டிக்காரர்களிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டு நிமிடம் நிற்க யாருக்கு மனம் வரும்?

பழைய காபரேட்டர் ஒன்றைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோவேன். இரண்டு தாள்களை இணையாகத் தொங்கவிட்டு நடுவே ஊதச் சொல்வேன். விலகும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள், ஒட்டிக்கொள்ளும். ஒடுங்கிய வழியில் காற்று விரைந்தால் அழுத்தம் குறையும், பெட்ரோல் மேலே உறிஞ்சப்படும் என்று விளக்கினால் போதும். வெஞ்சூரி என்ற இத்தாலியர் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ட விசயம்.

2024 நவம்பர் 26இல் அதே தாம்போதியில், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு மெஷின் பெட்டியை வெள்ளம் கொண்டுபோனது. பிள்ளைகள் பலர் மௌத்தானார்கள். தேடுதல் நாட்கணக்கில் நடந்தது. முதல் நாள் தொடங்கிய உயர்தரப் பரீட்சையும் வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. பாடசாலை திறந்தபின் காபரேட்டர் பாடம் வந்தது. ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அவ்வளவு பாரமான மெஷினை எப்படித் தண்ணி தள்ளும்?"

ஒரு கனமீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோ என்று எழுதினேன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அதோடு தண்ணீருக்குள் நிற்கும் சில்லையும் பெட்டியையும் நீர் மேலே தூக்கவும் செய்யும். தரையைப் பற்றும் பிடி குறையும். வகுப்பு பேசாமல் கொப்பியில் எழுதியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரோடு விளையாடியவன் அவன் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தாம்போதியில் தண்ணீர் ஓடும்போது நான் பெட்டி ஏறுவதில்லை. சைக்கிள் வீட்டு மண்டபத்தில் நிற்கும். உம்மாவின் இன்சுலினை ஐப்பசி முடியுமுன்னே வாங்கிவிடுகிறோம். கரண்ட் நின்றால் வைக்க, ஈர மணலில் பதித்த ஒரு மண்சட்டியும் குசினி மூலையில் இருக்கிறது.