வைக்கோற் காய்ச்சல்

எங்கள் ஊராகிய ஒலுவிலில் ஆண்டுக்கு இருமுறை வேளாண்மை வெட்டு நடைபெறும். பெரும்போகம் மாசி, பங்குனி மாதங்களிலும் சிறுபோகம் ஆடி, ஆவணி மாதங்களிலும் அறுவடையாகும். உழவர்க்கு அவை மகிழ்வு தரும் காலங்கள். எனக்கோ பன்னிரண்டு வயது முதல் அவை தும்மற் காலங்களாகவே இருந்து வந்தன. விடியலில் கண்விழிக்கும்போதே மூக்கினுள் அரிப்புத் தொடங்கும். அடுத்தடுத்துப் பத்து, பதினைந்து தும்மல்கள் வரும். பின்னர் மூக்கால் நீர் வடியும், கண்கள் சிவந்து கடிக்கும், அண்ணமுங்கூட அரிக்கும். காய்ச்சல் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

தும்மியவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்வதும் கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்று மறுமொழி கூறுவதும் எம்மவர் வழக்கம். மூன்று முறைக்கு மேல் தும்முபவர் தடிமன் கண்டவர், அவருக்கு மறுமொழி கூற வேண்டியதில்லை என்றும் பெரியோர் சொல்வர். என் வாப்பா முதல் மூன்று தும்மல்களுக்கும் முறையாக மறுமொழி கூறுவார். நான்காவது தும்மல் எழுந்ததும், "வட்டைக்குப் போறெண்டா மட்டும் இவனுக்குத் தும்மல் வரும்" என்று சொல்லிவிட்டுத் தனியே புறப்பட்டுவிடுவார். மூத்தம்மா அதனைப் பீனிசம் என்பார். கொத்தமல்லி அவித்துத் தருவார். வேது பிடிக்கச் செய்வார். அயலவர் அதனைச் சோம்பல் என்றனர். நோயைவிட அச்சொல்லே என்னைப் பெரிதும் வருத்தியது. உழவன் மகன் ஒருவனுக்கு நெல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூறினால் நம்புவோர் யார்?

கொள்ளைநோயினாற் பிற்போடப்பட்ட 2021 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை, 2022 பெப்ரவரியில் நடைபெற்றது. அது பெரும்போக வெட்டுக் காலம். நான் பரீட்சை எழுதிய மண்டபத்தின் பின்னால் வயல்வெளி இருந்தது. முதல் நாளிலேயே முகக்கவசத்தினுள் தும்மத் தொடங்கினேன். அக்காலத்தில் தும்மல் எத்தகைய அச்சத்தை விளைவித்தது என்பதை வாசகர் அறிவர். முன்னாலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் மேசையை மெல்ல நகர்த்தினார். நோக்குநர் வந்து, காய்ச்சல் உண்டா என்று வினவி, என்னை மண்டபத்தின் மூலையிலிருந்த யன்னலோரத்துக்கு மாற்றினார். வயற்காற்று நேரே வந்து வீசிய இடம் அதுவேயாகும்.

அடுத்த வினாத்தாளன்று காலை, தெரிந்தவர் ஒருவர் கூறியபடி பிரிற்றன் வில்லைகள் இரண்டை விழுங்கிச் சென்றேன். தும்மல் நின்றது, அறிவும் உடன் நின்றது. எழுத்துக்கள் மங்கின, கண்ணிமைகள் தாமாகவே மூடின. நான் தலை நிமிர்ந்தபோது அரைமணி நேரமே எஞ்சியிருந்தது. ஒரு வினாவுக்கு ஒரு வரியும் எழுதாமல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டம் பயில வேண்டும் என்று எண்ணியிருந்தேன்; பெறுபேறு அதற்குப் போதவில்லை. அந்த ஒரு வினாவே காரணம் என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் அந்த வெற்றுத்தாள் இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே வைத்தியர் ஒருவர் என் கதையை முழுமையாகக் கேட்டார். எக்காலத்தில் வருகிறது, வீட்டிலா வெளியிலா, கண் கடிக்கிறதா, குடும்பத்தில் இழுப்பு உடையவர் உளரா என்றெல்லாம் வினவினார். "இது தடிமன் அன்று, மூக்கின் ஒவ்வாமை. ஆங்கிலேயர் இதனை வைக்கோற் காய்ச்சல் என்பர்" என்றார். பத்தாண்டுகளாக என்னை ஆட்டுவித்த ஒன்றுக்குப் பெயர் உண்டு என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்தாயிற்று. அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் யோன் பொஸ்ரொக் என்னும் ஆங்கில வைத்தியர். 1819 இல் இலண்டன் வைத்தியர் சங்கமொன்றில் அவர் விவரித்த நோயாளி வேறு யாருமல்லர். எட்டு வயது முதல் கோடைதோறும் துன்புற்ற அவரேதாம். 1828 இல் வெளியிட்ட கட்டுரைக்கு அவர் நாடெங்கும் தேடித் திரட்ட முடிந்த நோயாளர் தொகை 28 மட்டுமே. புதுவைக்கோலின் மணத்தால் இந்நோய் வருவதாகப் பொதுமக்கள் கருதினர். அவரோ கோடை வெப்பமே காரணம் என்றார். உண்மையான காரணத்தை நிறுவியவர் மான்செஸ்ரர் நகரத்து வைத்தியர் சாள்ஸ் பிளக்லி. இவரும் இந்நோயாளியே. புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் இட்டுச் சோதித்தார்; ஒட்டும் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் ஏற்றி, வானிலே மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்து எண்ணினார். அவருடைய நூல் 1873 இல் வெளிவந்தது. 'ஒவ்வாமை' என நாம் வழங்குவதற்கு நேரான சொல்லை 1906 இல் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமன்ஸ் வொன் பிர்கே.

நோய் நிகழும் முறை இதுவாகும். தீங்கற்ற ஒரு துணிக்கையைப் பகையெனக் கருதும் உடல், அதற்கென ஒருவகைப் பிறபொருளெதிரியை ஆக்கி மூக்கின் மென்சவ்விலுள்ள சில கலங்களின் மீது பொருத்தி வைக்கின்றது. அத்துணிக்கை மறுபடி வரும்போது அக்கலங்கள் ஹிஸ்ரமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. அரிப்பும் தும்மலும் நீர்வடிதலும் அவற்றின் விளைவே. எனவே இந்நோய் உடலின் பலவீனம் அன்று. ஆளை மாறி அடிக்கும் காவற்காரனின் மிகை ஊக்கம் எனலாம்.

இங்கிலாந்தில் இதனை விளைவிப்பது பெரும்பாலும் புல்லின் மகரந்தம். எம் வட்டைகளில் வெட்டுக் காலத்தில் நெற்பூ உதிர்ந்து நாளாகியிருக்கும். அக்காலத்தில் பறப்பன நெல்லின் சுணையும், வைக்கோல் துகளும், பங்கசு வித்திகளும், மண் தூசியுமே. முன்னர் களவெட்டியில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்தனர். இன்று வெட்டும் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் வெட்டிச் சூடடித்துத் தூற்றி, தூசியை மேகம்போல் எழுப்புகின்றது. சிறுபோகத்தில் மேற்கிலிருந்து வரும் வெம்மையான கச்சான் காற்று, அத்தூசியைக் கடற்கரை வரை ஏந்தி வருகின்றது. பிற்பகலிற் கடற்காற்று எழும்போது எனக்கு மூச்சு எளிதாகும். பொஸ்ரொக்கும் கோடையில் ராம்ஸ்கேற் கடலோரக் குன்றொன்றில் வீடெடுத்துத் தங்கிச் சுகங் கண்டார் என்று படித்தபோது, இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய அவர் எனக்கு உறவினர்போலத் தோன்றினார்.

இனி, நான் கற்ற மேலாண்மையைச் சுருங்கக் கூறுவேன். தலையணையிலும் பாயிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணிகள் ஆண்டு முழுவதும் இந்நோயைத் தூண்டுவன. ஆகவே விரிப்புகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துகின்றோம். வயலிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றுகின்றேன். வுழூச் செய்கையில் நாசிக்கு நீர் செலுத்துவது எமக்கு நாள்தோறும் உள்ள வழக்கம். அதனைக் கருத்துடன் செய்யுங்கால் சுகம் காண்கின்றேன். வைத்தியர் கூறியபடி, கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உண்டு. உறக்கம் தரும் பழைய வில்லைகளுக்குப் பதிலாக, உறக்கம் குறைந்த புதிய வில்லைகள் உள்ளன. மூக்கினுள் விசிறும் மருந்தோ ஓரிரு நாளில் முழுப்பயன் தருவதன்று. வெட்டுக் காலத்துக்குச் சில நாள் முன்பே தொடங்கி ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அவையே அடைப்பைக் கூட்டும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இவை யாவற்றையும் வைத்தியரின் ஆலோசனையுடனேயே செய்தல் வேண்டும்.

வைத்தியரின் வினாக்களுள் ஒன்று என்னை விட்டு அகலவில்லை. குடும்பத்தில் இழுப்பு உண்டா என்று அவர் கேட்டபோது நான் இல்லை என்றேன். அன்றிரவு வீட்டிற் படுத்திருக்கையில், அடுத்த அறையில் வாப்பாவின் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டேன். அந்த ஒலியைச் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கின்றேன். வயதின் ஒலி என்று நினைத்திருந்தேன். மூக்கும் நுரையீரலும் ஒரே வளிப்பாதையின் இரு முனைகள். ஒன்றைப் பிடிக்கும் ஒவ்வாமை மற்றையதையும் பிடிக்கக் கூடும். என் தும்மலைச் சோம்பல் என்ற அவர், தம் இளைப்பை உழைப்பின் களைப்பு என்றே சொல்லி வந்துள்ளார். இருவரும் ஒரே நோயையே வெவ்வேறு பெயரிட்டு மறைத்திருந்தோம்.

அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. "வெட்டு முடியட்டும்" என்றார். முடிந்ததும் "விதைப்பு முடியட்டும்" என்றார். இறுதியில் ஓரிரவு மூச்சு முட்டிய பின்னரே இணங்கினார். இன்று அவர் காலை மாலை மருந்தை உறிஞ்சுகின்றார். களவெட்டியில் முகக்கவசம் அணிகின்றார். கொள்ளைநோய் அஞ்சி அணிவித்த கவசம் எம் உழவர்க்கு விட்டுச் சென்ற நன்மை அது ஒன்றே போலும்.

கடந்த பெரும்போகத்தில் நானும் முகக்கவசத்துடன் வட்டைக்குச் சென்று, நெல்மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதினேன். தும்மல் முற்றாக நின்றுவிடவில்லை. மூன்று தும்மலுக்கும் வாப்பா மறுமொழி கூறினார். நான்காவது தும்மல் எழுந்தபோது சற்றுத் தயங்கினார்; பின்னர் அதற்கும் "யர்ஹமுகல்லாஹ்" என்றார்.