பென்சில் கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து இங்கிலாந்திலுள்ள மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே கெசிக் என்னும் ஊரில், பென்சிலின் வரலாற்றுக்கென்றே 1981-இல் திறக்கப்பெற்ற சிறு காட்சிச்சாலையை மகனோடும் பேத்தியோடும் கண்டேன். அதன் வாயிலே சுரங்கம் போல் அமைந்திருந்தது. அவ்வூரையடுத்த பாரோடேலில் 16-ஆம் நூற்றாண்டில் கிடைத்த கிராபைட்டே அத்தொழிலுக்கு வித்து. பென்சிலில் ஈயம் சிறிதும் இல்லை; கிராபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுடுகிறார்கள். 1795-இல் பிரெஞ்சுக்காரரான கோந்தே கண்ட முறை அது. களிமண் மிகுந்தால் முனை கடினமாகும். குறைந்தால் எழுத்துக் கறுக்கும்.

"நம் ஊரிலும் இது கிடைக்குமா, தாத்தா?" என்றாள் பேத்தி. கிடைத்ததுண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளநாட்டில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்காக மார்கன் என்னும் ஆங்கிலக் கம்பெனி கிராபைட் தோண்டியது. பின்னர் அச்சுரங்கம் மூடப்பட்டது. இதனைக் கேட்டு மகனும் வியந்தான்.

அங்கே வாங்கிய பென்சிலைப் பேத்தியிடம் கொடுத்து, "உன் பெயரைத் தமிழில் எழுது, அம்மா" என்றேன். அவள் தன் தந்தையைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்தான். திருவனந்தபுரத்துப் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்ற அவனுக்குத் தமிழெழுத்தை நான் கற்பிக்கவில்லை. வீட்டில் பேசினால் போதும் என்றிருந்தேன். குற்றம் என்னுடையதே.

அன்றிரவு இருவருக்கும் 'அ' எழுதிக் காட்டினேன். இப்போது திங்கள்தோறும் இருவரும் பென்சிலால் எனக்கு மடல் எழுதுகின்றனர். பிழைகள் பல உண்டு. அழித்துத் திருத்தி எழுதலாம் என்பதன்றோ பென்சிலின் பெருமை!