பூம்பாறையில் ஒரு குழந்தை தரிசனம்

பழநி என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது தண்டாயுதபாணி நின்றருளும் குன்று ஒன்றே. அக்குன்றுக்குத் தெற்கே மேகம் தவழ நிற்கும் பெருந்தொடருக்கும் பழநி மலை என்றே பெயர். கொடைக்கானல் அத்தொடரின் மேல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. உல்லாசத் தலம் என்று உலகம் அறிந்த அம்மலையை முருகன் அடியாராக ஒருநாள் வலம்வர வேண்டும் என்பது என் தமக்கையாரின் நெடுநாள் ஆசை.

அவருக்கு வயது எழுபத்தெட்டு. முப்பது தைப்பூசங்களுக்குப் பாதயாத்திரையாகப் பழநி சென்றவர். முழங்கால் தேய்ந்தபின் ஆறு ஆண்டுகளாகப் போகவில்லை. விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப்காரும் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். “படியேறாமல் எனக்குப் பழநி இல்லை” என்று முடித்துவிடுவார். கோபித்துக்கொண்டு மலையேறிய ஆண்டவனின் பிடிவாதம் அடியார்க்கும் உண்டு போலும்!

மலைக்குச் செல்ல இப்போது இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் உள்ள நடைமுறை இது. பேரன் அதைப் பதிவு செய்து தர, வத்தலக்குண்டிலிருந்து விடியலில் புறப்பட்டோம். மலைப்பாதையில் கொடைக்கானலுக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னதாக வெள்ளி நீர்வீழ்ச்சி. நூற்றெண்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. 1863-ல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி அணைகட்டி உருவாக்கிய கொடைக்கானல் ஏரியின் மிகைநீரே இங்கு அருவியாகிறது. தீர்த்தம் என எண்ணித் தலையில் தெளித்துக்கொள்ளத் தமக்கையார் இறங்கப் பார்த்தார். ஊரைக் கடந்து வரும் நீர், அதில் ஊரின் அழுக்கும் கலந்திருக்கும் என்று தடுத்தேன். அவர் முகம் வாடிற்று. கங்கை முதல் காவிரி வரை நீரைத் தாய் என்று கும்பிடும் நாம், கும்பிட்ட கையாலேயே பிளாஸ்டிக் புட்டியையும் எறிகிறோமே!

அடுத்துக் குறிஞ்சி ஆண்டவர் கோயில். மேனாட்டில் பிறந்து, இலங்கைப் பெரியார் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவநெறியில் ஊன்றிய லீலாவதி அம்மையார் 1936-ல் எழுப்பியது. வானம் தெளிந்திருந்தால் இங்கிருந்தே பழநிக் குன்று தெரியும். அதற்காகத்தான் தமக்கையார் வந்ததே. அன்றோ வெண்பஞ்சாக மூடுபனி. அரைமணி நேரம் காத்திருந்தும் விலகவில்லை. வடக்கு நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030 என்றேன். “அப்போது எனக்கு எண்பத்துமூன்று” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அங்கிருந்து பூம்பாறைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். சரிவெங்கும் படிப்படியாக வயல்கள். நடுவே நெருக்கமாக வீடுகள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் மண் இது. ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். பழநியில் நவபாஷாணத் திருமேனி அமைத்த போகர் பெருமானே இம்மூர்த்தியையும் அமைத்தார் என்பது ஐதிகம். அருணகிரிநாதர் இங்கே ஓரிரவு தங்கியபோது அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாளாம். வேலவன் குழந்தையாக வந்து அவரருகே இருக்கவே, தாயும் சேயும் துயில்வதாக எண்ணி அவள் போய்விட்டாள் என்பர். அடியாரைக் காக்க வேலெடுத்து நிற்கவில்லை. மழலையாக வந்து பக்கத்தில் இருந்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இவ்வூர்த் தேருக்கு முன்னும் பின்னும் வடம் உண்டு. வீதிகள் சரிவானவை அல்லவா! முன்னே இழுப்பவர்களைப் போலவே, பின்னே பிடித்து நிறுத்துபவர்களும் வேண்டும். என் தோளைப் பற்றியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த தமக்கையார், “தேருக்கே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது” என்று சிரித்தார். சந்நிதியில் தீபம் காட்டியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன. அர்ச்சகர் விபூதி தந்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றார்.

மாலையில் மன்னவனூர் ஏரிக்குச் சென்றோம். புல்வெளிகளுக்கு நடுவே அமைதியான நீர்ப்பரப்பு. இளையவர்கள் பரிசலில் போனார்கள். நாங்கள் கரையில் அமர்ந்து கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். உண்ட இலைகளையும் காகிதத்தையும் தமக்கையார் ஒன்றுவிடாமல் தம் பையில் கட்டி வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் இருட்டிவிட்டது. அவர் உறங்கிவிட்டார் என்றே எண்ணினேன்.

“தம்பி, அந்த விஞ்சுக்குக் காலையில் எத்தனை மணிக்குச் சீட்டுக் கொடுப்பார்கள்?” என்று கேட்டார்.