பெயரில் தங்கிய பற்று

கிளமெண்டியின் அடுக்குமாடிக் கட்டடமொன்றில், ஞாயிறு காலை, மின்தூக்கிக்காக இரண்டு தமிழ்க் குடும்பங்கள் காத்து நிற்கின்றன. அருகிலேயே திருச்சிலுவை ஆலயம் இருந்தும், ஒரு குடும்பம் ஓப்பிர் சாலை லூர்து அன்னை ஆலயத்திற்கே செல்லும். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்த அவ்வாலயம் பாட்டனார் காலத்துத் தொடர்பு. மற்றக் குடும்பம் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்குச் செல்லும். இரண்டும் தேக்காவுக்கு அண்மையில் உள்ளவையே. எனினும், ஒருவர் வாயிலை மற்றவர் மிதிப்பது திருமண நாளில்தான்.

சென்ற தலைமுறை வரை வகுப்பு வருகைப் பதிவேடே சபையைச் சொல்லிவிடும். சின்னப்பன், அருளப்பன், இராயப்பன் எனில் கத்தோலிக்கர். பவுல், யோவான், பேதுரு எனில் சீர்திருத்தச் சபையார். அடியார்கள் என்னவோ அதே மூவர்தாம்! ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்பது பொருள். அதனைச் ‘சின்னப்பர்’ என்றாக்கிய பழைய குருமாரின் தமிழுணர்வு வியக்கத்தக்கது.

பிரிவின் வேர் பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் குருவான சீகன்பால்கு, இறைவனைக் குறிக்கச் ‘சர்வேசுரன்’ என்ற சொல்லையே ஆண்டார். அது கத்தோலிக்கர் வழங்கி வந்த சொல். பின்வந்த பாப்ரிசியுஸ் ‘பராபரன்’ என மாற்றினார். அதன்பின் சொல்லே வேலியாயிற்று. வீரமாமுனிவரோ ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என நூல் மேல் நூலாக எழுதி, எதிரணியின் கொள்கையோடு அவர்தம் தமிழ்நடையையும் சாடினார். ‘தேம்பாவணி’ தந்த கை அத்துணைக் கடுமையாகவும் எழுதியது என்பதை மாணவர்க்குச் சொல்ல ஆசிரியர் பலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டுவதில்லை. தமிழ் உரைநடை நடைபயின்ற களங்களுள் அச்சண்டையும் ஒன்றன்றோ!

1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் பவுல், யோவான், பேதுரு என்ற பெயர்களே இடம்பெற்றன. கத்தோலிக்கர் அதனை ஏற்றனர். சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழைய மொழிபெயர்ப்பைக் கைவிட்டாரில்லை. ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்தவர் ஒரு பக்கத்தாரே என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை.

ஓப்பிர் சாலை ஆலயத்தில் ‘பவுல் எழுதிய திருமுகம்’ என்று வாசகர் தொடங்குகிறார். கிளமெண்டிப் பாட்டியார், அருகிலிருப்போர்க்குக் கேளாதவாறு, ‘சின்னப்பர்’ என்று தம் உதட்டுக்குள் திருத்திக்கொள்கிறார்.