குடிபெயர்ந்த பாம்பு

நம் மகள் வீட்டில் பாம்பு வளர்கிறது என்று ஊரில் சொன்னபோது, கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நம்மை இரக்கத்தோடு பார்த்தார்கள். சிரித்தவர்களும் இரங்கியவர்களும் நம் குடும்பக் கதையை அறியாதவர்கள். அறிந்தவர் ஒருவர்தாம் இருக்கிறார், நம் அக்கா. அவரிடம் மட்டும் இச்செய்தியைச் சொல்ல நமக்குப் பல நாள் துணிவு வரவில்லை.

1962ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் நம் தம்பியை இழந்தோம். அவனுக்கு ஒன்பது வயது, நமக்குப் பன்னிரண்டு. தஞ்சை மாவட்டத்தில் நெல்வயல் சூழ்ந்த ஊர் நம்முடையது. கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தோம். நள்ளிரவில் வயிறு வலிக்கிறது என்று தம்பி எழுந்து அழுதான். உம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் அவன் இமைகள் தொங்கின, பேச்சு குழறிற்று. அத்தா வண்டி கட்டச் சொன்னார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. விடிந்தபின் பாயைச் சுருட்டியபோதுதான் சுவரோரம் கட்டுவிரியன் கிடந்தது தெரிந்தது. தரையில் உறங்குவோரை இரவில் தீண்டும் இயல்புடையது அது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. வயிற்றுவலியும் இமைத் தளர்ச்சியுமே அடையாளம். இவையெல்லாம் நாம் பிற்காலத்தில் படித்தறிந்தவை. அன்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

அதன்பின் அறுபதாண்டுக் காலம் பாம்பு என்ற சொல்லுக்கு நம் உள்ளத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தும், பாடப் புத்தகத்தில் பாம்புப் படம் வந்தால் அந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது நம் வழக்கமாயிற்று.

2022 நவம்பரில் மகளின் அழைப்பின்பேரில் இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குச் சென்றோம். பேரனுக்குப் பதினொரு வயது. அவனுடைய அறையில் கண்ணாடிப் பெட்டியொன்று. அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் மூன்றரை அடிப் பாம்பு. மருமகன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "விஷமில்லாதது மாமா, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு" என்றார். சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வருவதால் அப்பெயர் என்பாரும் உண்டு. வயிற்றுப்புறக் கட்டங்கள் சோள மணிகளைப்போல் இருப்பதால் என்பாரும் உண்டு. நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழுமாம். அந்நாட்டில் பதினாறு வயது நிரம்பாதவருக்குப் பிராணிகளை விற்கக்கூடாதென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மருமகன்தாம் தம் பெயரில் வாங்கியிருந்தார். நாம் அந்த அறைக்குள் நுழைவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

டிசம்பர் நடுவில் மருமகனுக்கு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் வேலை மாறிற்று. வீடு மாற்றம் என்றால் என்ன என்பதைக் குடும்பங்கள் அறியும். பாத்திரங்களும் படுக்கைகளும் பெட்டிகளில் ஏறின. பாம்பை ஒரு தலையணை உறையிலிட்டு முடிந்து, குளிர் தாக்காத தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பேரன் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பள்ளியாண்டின் நடுவில் பழகிய தோழர்களை விட்டுவரும் பிள்ளையிடம் என்ன பேச்சை எதிர்பார்ப்பது?

புது வீட்டில் பாம்புக்கும் புதுப் பெட்டி. மகனைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் மருமகன் நான்கடி நீளப் பெட்டியை வாங்கிக் கூடத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார். பெட்டியின் ஒரு முனையில் வெப்பமூட்டி. அதை அளவறிந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட். அடியில் புத்தம் புதிய மரச் சீவல். மூலையில் நீர்க் கிண்ணம். நம் கண்ணுக்கு அது மாளிகையாகத் தோன்றிற்று. பாம்போ இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தது.

பத்து நாளுக்கொருமுறை ஓர் எலி உண்பது அதன் வழக்கம். உறைபனிப் பெட்டியில் வைத்த செத்த எலியை வெந்நீரில் இளக்கிச் சூடேற்றிக் கொடுப்பார்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தக்கூடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். வந்த மூன்றாம் நாளே பேரன் எலியை நீட்டினான். பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. எட்டாம் நாளும் அப்படியே. ஜனவரி பிறந்தும் உண்ணவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறப்பதும், பாம்பை எடுத்துத் தடவுவதும், தராசில் நிறுப்பதும் அவனுக்கு நித்திய கடமையாயின. 310 கிராம் இருந்தது 302 ஆகிவிட்டது. அவனும் தட்டில் வைத்த சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவான்.

ஒருநாள் இரவு நம் படுக்கையருகே வந்து நின்று, "நன்னா, அது செத்துப்போகுமா?" என்று கேட்டான்.

ஒரு பாம்பு சாகக்கூடாதே என்று கலங்கி நிற்கும் பிள்ளையை நாம் அதுவரை கண்டதில்லை. "சாகாது, நாளைக்குப் பார்ப்போம்" என்றோம். சொல்லிவிட்ட பிறகு உறக்கம் வரவில்லை. எழுந்து கூடத்துக்குச் சென்று, பத்தடி தள்ளி நாற்காலியைப் போட்டு அமர்ந்தோம். பாம்பைப் பார்க்க மனமில்லாததால் தெர்மோஸ்டாட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது 30 டிகிரி என்று காட்டிற்று. வெப்பமூட்டி சிறிது நேரம் எரிவதும் உடனே அணைவதுமாக இருந்தது. பழைய ஆசிரியனுக்கு ஐயம் எழுந்தது. மறுநாள் காலை வேறொரு வெப்பமானியைக் கதகதப்பான முனை என்று கருதப்பட்ட இடத்தில் வைக்கச் சொன்னோம். அது காட்டியது 24. தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை வெப்பமூட்டிக்கு மிக அருகில் பொருத்திவிட்டிருந்தார்கள். அந்த முனை மட்டும் விரைவில் சூடேறியதும் கருவி அணைந்துவிடும். பெட்டியோ குளிர்ந்தே கிடக்கும்.

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கும் பிராணியன்று. வெளிச்சூடு இல்லையேல் விழுங்கிய இரை செரியாது. செரிக்க முடியாத நிலையில் அது உண்ண மறுத்தது பிடிவாதமன்று, அறிவு.

ஆனால் வெப்பம் ஒன்றே குறையென்று நமக்குத் தோன்றவில்லை. முன்பொருமுறை மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலிக்கு, நண்பரின் வற்புறுத்தலால் சென்றிருந்தோம். 1978இல் தோன்றிய இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, விஷமுறிவு மருந்து செய்வதற்கு அளிக்கிறார்கள். பிடித்த பாம்புகளை மண் பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்களாம். "இவ்வளவு சின்னப் பானையிலா?" என்று தள்ளி நின்றபடியே கேட்டோம். "இருட்டா இருந்தாத்தான் சார் அதுக்குப் பயம் போகும்" என்றார் அங்கிருந்த இருளர் பெரியவர். கட்டுவிரியன் இருந்த பானையின்மேல் நம் பார்வை நிலைத்திருந்ததால் அன்று அந்தச் சொல் மனத்தில் தைக்கவில்லை. கார்டிஃபில் தைத்தது.

நான்கடி மாளிகையில் ஒளிய ஓரிடமில்லை. மனிதர் நடமாடும் கூடம். காலடி அதிர்வு ஒவ்வொன்றும் தரை வழியே அதன் தாடையில் உறைக்கும். நாவால் காற்றைத் துழாவி மணத்தை அறியும் பிராணிக்கு, பழைய மணம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இமையில்லாக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. போதாக்குறைக்கு, நாள்தோறும் ஒரு கை வந்து எடுத்துவிடுகிறது.

பேரனை அமரவைத்து இவற்றைச் சொன்னோம். ஊர்வன பற்றித் தேர்ந்த கால்நடை மருத்துவரிடம் மருமகன் தொலைபேசியில் கேட்டார். அவரும் ஏறத்தாழ இதையே கூறி, குளிர்காலத்தில் பசி குறைவது இயல்பு, எடை வேகமாகக் குறையாதவரை அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

அன்று மாலையே பெட்டி ஆள் அரவம் குறைந்த பின்னறைக்குச் சென்றது. மூன்று பக்கக் கண்ணாடியிலும் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். பாம்பு சுருண்டு படுத்தால் உடல் சுவரில் தொடும் அளவுக்குச் சிறிய மறைவிடங்கள் இரண்டு செய்தோம். ஒன்று வெப்ப முனையில், மற்றொன்று குளிர்ந்த முனையில். இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இல்லையேல் சூட்டையும் பாதுகாப்பையும் ஒருங்கே பெறமுடியாமல் அது ஒன்றை இழக்கும். லெஸ்டரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியின் மூலையில் எஞ்சியிருந்த மரச் சீவலில் இரண்டு கைப்பிடி அள்ளிப் புதியதோடு கலந்தோம்.

உணர்முனையை இடம் மாற்றும் வேலை எஞ்சிற்று. மருமகன் பணிக்குச் சென்றிருந்தார்; பேரனின் கை எட்டவில்லை. "நன்னா, நீங்கள் கையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அறுபதாண்டு நம் தோளை அழுத்திற்று. ஆயினும் கையை உள்ளே விட்டோம். திருகை முடுக்கும்போது மணிக்கட்டில் ஏதோ பட்டும் படாமலும் தீண்டிற்று, நாக்கு. பிறகு உடல் உரசிக்கொண்டு போயிற்று. நாம் எண்ணியிருந்தது போல் வழவழப்பாக இல்லை. உலர்ந்து, குளிர்ந்து இருந்தது. வேலையை முடித்த பின்புதான் கையை எடுத்தோம்.

ஏழு நாள் எவரும் பெட்டியைத் தொடக்கூடாது, தண்ணீர் மாற்ற மட்டும் திறக்கலாம் என்று விதித்தோம். எடுத்துப் பார்க்காமல் இருப்பதும் அன்பின் ஒரு வகை என்பதைப் பதினொரு வயதில் கற்பது எளிதன்று. முதல் இரண்டு நாள் கதவருகே நின்று தவித்தான். மூன்றாம் நாள் முதல் அறையின் மறுகோடியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினான். நாமும் ஒரு புத்தகத்தோடு உடனிருந்தோம். புதுப் பள்ளியைப் பற்றி அவன் பேசத் தொடங்கியது அந்த அறையில்தான்.

எட்டாம் நாள் மாலை எலியைச் சூடேற்றி, வெப்ப முனை மறைவிடத்தின் வாயிலில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தோம். காலையில் எலி இல்லை. பேரன் கூச்சலிடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நம்மிடம் ஓடிவந்தான். இரை செரிக்கும்வரை இரண்டு நாள் தொடக்கூடாதென்று அவனே நமக்கு நினைவூட்டினான்.

இதைப் படித்து நம் பிள்ளைகள் ஆசை கொண்டுவிடலாகாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அது நியாயமும்கூட. வளர்க்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழ்வோரும், பாம்பைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். குடலைக் கெடுக்கும் கிருமி அவற்றின் உடலில் இருக்கக்கூடும். இங்கே நம் ஊரிலோ தரையில் உறங்காமல் கட்டிலில் உறங்குவதும், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுவதும், கடிபட்டவரை மந்திரத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும்தாம் நாம் கற்கவேண்டியவை. அஞ்சுவது வேறு, அறிந்து ஒழுகுவது வேறு. தம்பியை இழந்த வீட்டில் அச்சம் நிறைய இருந்தது, அறிவு இருந்ததில்லை.

உண்ணாதிருந்த நாட்களில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தோம். தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் அரவமில்லை. பிறகு "பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று மட்டும் கேட்டார். விஷமில்லை என்றோம். அவர் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

எலி மறைந்த அன்று அவரே அழைத்தார். ஊர்ச் செய்திகளெல்லாம் சொன்னார். மழை, அறுவடை, யார் வீட்டுக் கல்யாணம் என்பதெல்லாம். பேச்சை முடிக்கும் தறுவாயில் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அது சாப்பிட்டதா?" என்றார்.

"சாப்பிட்டது அக்கா" என்றோம்.