உறுமியும் செத்தவீட்டு மேளமும்

பாடசாலை விட்டபின் ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடி நாம் பேசுவது பெரும்பாலும் பாட்டைப் பற்றியே. சங்கீத சபைகள் ஏற்காத, வீட்டார் இரைச்சலென்று வெறுக்கும் பாட்டு. 'எம். ஐ. ஏ.' எனப்படும் மாயா அருட்பிரகாசம் பற்றிய பேச்செழுந்தால் அன்று வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, 1986இல் தாயுடன் அகதியாய் லண்டன் சேர்ந்தவர் அவர். 2005இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, குடியேறிகளின் அவலத்தை 'த கிளாஷ்' குழுவினர் 1982இல் பாடிய பாட்டின் இசைத்துண்டு. ஒடுக்கப்பட்டோர் கோபம் இப்படித்தான் கைமாறுகிறது. (அக்கோபம் சந்தைச் சரக்காவதும் நாம் அறியாததன்று.)

எமக்குள் சர்ச்சை மூண்டது 'பேர்ட் ஃபுளூ' பாட்டினால். அதில் முழங்குவது தமிழகத்து உறுமி. "என்ன தாளம்!" என்று வியந்தான் ஒருவன். மற்றொருவன் கேட்டான்: "சேர், எங்கட ஊர்ச் செத்தவீட்டிலை மேளம் கேட்டால் முகஞ் சுளிக்கிறது ஆர்?"

எவரும் மறுமொழி கூறவில்லை.

பறையை ஒரு சாதியின் மீது சுமத்தி, இழவு வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவைத்த சமூகம் நமது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று எமது வகுப்புகளில் இருக்கின்றனர். பறையைக் கைவிட்டதே தன்மானம் என்பர் சிலர். அது முற்றிலும் நியாயம். லண்டன் சென்று திரும்பியதும் கலையாகிவிட்ட தோலொலியை அவர்கள் எந்தக் காதாற் கேட்பது?

வரும் வெள்ளிக்கிழமை அந்த மாணவனே இதுபற்றிப் பேச இசைந்திருக்கிறான்.